நம்ம அறக்கட்டளைக்கு ஒரு கம்ப்யூட்டர் ஆள் வேணும்!

நேரா ஒரு கேள்வி. உங்க அறக்கட்டளைக்கு வெப்சைட் இருக்கா? இருந்தா, அந்த டொமைன், அதாவது வெப்சைட் முகவரி, யார் பேர்ல பதிவாகியிருக்கு? தலைவர் பேர்லயா, செயலாளர் பேர்லயா, இல்ல நாலு வருஷம் முன்னாடி வந்து ஆசையா செஞ்சு குடுத்துட்டு இப்போ வெளிநாட்டுல வேலை பாக்குறாரே, அந்தத் தம்பி பேர்லயா?

பெரும்பாலும் அந்தத் தம்பி பேர்லதான் இருக்கும். தம்பி நல்லவர்தான். ஆனா "டொமைனைப் புதுப்பிங்க"ன்னு வர்ற மெயில் அவரோட பழைய காலேஜ் ஐடிக்குப் போகுது. அதை அவரே திறந்து பல வருஷம் ஆச்சு. தவணை தாண்டினதும் யாரோ அந்தப் பேரை வாங்கிடுறாங்க. ஒரு நாள் காலைல நன்கொடையாளர் ஒருத்தர் போன் பண்ணி, "என்ன சார், உங்க ஆசிரம வெப்சைட்டைத் திறந்தா ரம்மி விளம்பரம் ஓடுது?"ன்னு கேப்பாரு.

முதியோர் இல்லம், மாலை நேரப் படிப்பு மையம், மாற்றுத்திறனாளிகள் சங்கம், ஊர் நூலகம், ஏரியைக் காக்குற இளைஞர் குழு. ரெண்டு மூணு பேர் சம்பளத்துக்கு, மீதி எல்லாரும் சேவைக்குன்னு ஓடுற இந்த மாதிரி அமைப்புகளுக்கு டெக்னாலஜி உதவி வெளியில எங்க கிடைக்கும், எப்படிக் கேக்கணும், வந்தவங்க கிளம்பின பிறகும் வேலை நிக்காம எப்படிப் பாத்துக்கணும்? இந்த வீடியோ அதைப் பத்திதான்.

எந்த அமைப்புக்குப் போனாலும் காதுல விழுற வாக்கியம் ஒண்ணு உண்டு. "கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கிடைச்சா போதும் சார்." என்னைக் கேட்டா, கோளாறு ஆரம்பிக்கிறதே இங்கதான். பிரிண்டர் ரிப்பேர் பாக்குறவர் வேற, வெப்சைட் செய்றவர் வேற, டேலியில கணக்கு ஏத்துறவர் வேற, ஃபேஸ்புக்குக்குப் போஸ்டர் அடிக்கிறவர் வேற. நாலு வேலையையும் ஒரே தலையில கட்டினா, அந்த ஆள் ஆறு மாசத்துல போனை எடுக்க மாட்டாரு. அதனால ஆளைத் தேடுறதுக்கு முன்னாடி வேலை என்னன்னு எழுதணும். ஒரே பக்கம் போதும்.

ஒரு உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பாப்போம். 80ஜி பதிவு உள்ள அமைப்புகள், நன்கொடை குடுத்தவங்க பட்டியலை வருமான வரித் துறைக்கு ஆன்லைன்ல தாக்கல் பண்ணணும்ங்கிற விதி 2021-22 நிதியாண்டுல வந்தது. படிவம் 10பிடின்னு வந்தது அதுதான். நிதியாண்டு முடிஞ்சு மே 31-க்குள்ள தரணும். தாமதமானா ஒரு நாளைக்கு 200 ரூபா கட்டணம். அதைத் தாக்கல் பண்ணினாத்தான் நன்கொடையாளருக்கு வரிச் சலுகைக்கான சான்றிதழே கிடைக்கும். பட்டியல்ல பேரு, முகவரி, பான் எண் இல்லன்னா ஆதார் மாதிரி வேற அடையாள எண், தொகை, பணமா வந்ததா செக்கா வந்ததா, எல்லாம் வேணும்.

இப்போ ரசீது புத்தகத்தைப் புரட்டுங்க. அதுல என்ன இருக்கும்? "திரு. முருகேசன், ரூ. 1,000, அன்னதானம்." அவ்வளவுதான். எந்த முருகேசன்? பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல பாத்திரக்கடை வெச்சிருக்காரே, அவரா? இல்ல ரிட்டயர்டு வாத்தியாரா? மே மாசம் 20-ம் தேதிக்கு மேல பொருளாளர் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, "அண்ணே, உங்க பான் நம்பர் கொஞ்சம் சொல்லுங்க"ன்னு கேட்டுட்டு இருப்பாரு. இந்தக் காலத்துல யாராவது போன்ல பான் நம்பர் கேட்டா, சொல்லத்தான் தோணுமா?

இந்தப் பொருளாளர் போய், "எங்களுக்கு ஒரு சாஃப்ட்வேர் வேணும்"னு கேட்டா, வர்ற பையன் உடனே ஆப் ஒண்ணு செய்ய ஆரம்பிச்சிடுவான். லாகின், டாஷ்போர்டு, கலர் கலரா கிராஃப். ஆனா பொருளாளருக்குத் தேவை, ரசீது எழுதும்போதே பான் நம்பரையும் போன் நம்பரையும் கேட்டு வாங்குற பழக்கமும், ஏழெட்டு கட்டம் போட்ட ஒரு எக்செல் ஷீட்டும்தான். ஆப் செய்ய மூணு மாசம் ஆகும். ஷீட் ஒரு சாயங்காலத்துல முடியும்.

அதனால அந்த ஒரு பக்கத்துல ஆப், ஏஐ, வெப்சைட்ங்கிற வார்த்தையே வேண்டாம். இப்போ வேலை எப்படி நடக்குது, எங்க மாட்டிக்குது, அதை மட்டும் எழுதுங்க. இந்த மாதிரி.

[திரையில் எழுத்து: "மூன்று இடங்களில் மாலைப் படிப்பு மையம் நடத்துகிறோம். வருகையை நோட்டில் எழுதுகிறோம். மாதக் கடைசியில் ஒருவர் உட்கார்ந்து மூன்று நோட்டையும் கூட்டுகிறார். இரண்டு நாள் ஆகிறது. மூன்று ஆசிரியர்களிடமும் ஆண்ட்ராய்டு போன் உண்டு. ஒரு ஊரில் சிக்னல் கிடையாது. ஆங்கிலப் படிவம் என்றால் இருவருக்குச் சிரமம்."]

விஷயம் தெரிஞ்சவர் இதைப் படிச்சா ரெண்டு நிமிஷத்துல வழி சொல்லிடுவாரு. "கோபோ டூல்பாக்ஸ் போடலாம். படிவத்தைத் தமிழ்லயே அமைக்கலாம். சிக்னல் இல்லாத ஊர்லயும் போன்ல பதிஞ்சு வெச்சுக்கிட்டு, சிக்னல் கிடைச்ச இடத்துல அனுப்பிக்கலாம்." பேரிடர் நிவாரணக் குழுக்களுக்காக ஹார்வர்டு பல்கலைக்கழக ஆட்கள் வளர்த்த கருவி அது. தொண்டு அமைப்புகளுக்கு இலவசத் திட்டமும் இருக்கு. "சிக்னல் கிடையாது"ங்கிற ஒரு வரிதான் இந்தப் பதிலைக் கொண்டு வந்தது. அதை எழுதாம விட்டிருந்தா, வேற ஏதோ ஒண்ணைச் செஞ்சு குடுத்துட்டுப் போயிருப்பாங்க.

சரி, பக்கம் ரெடி. யார்கிட்ட போறது?

முதல்ல பெரிய கம்பெனிகள் சும்மா தர்றதை வாங்கிக்குவோம். கூகுளுக்கு "கூகுள் ஃபார் நான்பிராஃபிட்ஸ்"னு ஒரு திட்டம் இருக்கு, இந்தியாவுக்கும் உண்டு. உங்க சொந்த டொமைன் பேர்ல மெயில், டிரைவ், மீட் எல்லாம் இலவசம். மாசம் 10,000 டாலர் வரைக்கும் கூகுள் தேடல் விளம்பரமும் தர்றாங்க. உடனே வாயைப் பிளக்க வேண்டாம். அது பணம் இல்ல, தேடல்ல வர்ற எழுத்து விளம்பரம் மட்டும்தான். பாக்குறவங்கள்ல 100-க்கு 5 பேராவது அதைக் கிளிக் பண்ணணும்னு விதி வேற. ஒழுங்கான வெப்சைட்டும், வாரா வாரம் அதைப் பாத்துக்க ஆளும் இல்லன்னா அந்த 10,000 டாலர் கடல்ல பெய்ஞ்ச மழைதான். சின்ன அமைப்புக்கு நிஜமா உதவுறது அந்த மெயிலும் டிரைவும்தான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அரசு அமைப்புகளுக்கு இந்தத் திட்டம் கிடையாதுன்னு நினைவு வெச்சுக்குங்க.

நீங்க உண்மையான அமைப்புதானான்னு குட்ஸ்டாக்னு ஒரு நிறுவனம் சரிபாக்கும். பதிவுச் சான்று, பான் கார்டு, 12ஏ ஆணை, நிதி ஆயோக்கோட தர்பன் எண், இதையெல்லாம் ஸ்கேன் பண்ணி ஒரு ஃபோல்டர்ல போட்டு வெச்சுக்குங்க. நிறைய பேர் மாட்டுறது எங்கன்னா, பேர்ல. பத்திரத்துல "அறக்கட்டளை"ன்னு இருக்கும், பான் கார்டுல "டிரஸ்ட்"னு இருக்கும், பேங்க் பாஸ்புக்ல ஒரு எழுத்து மாறியிருக்கும். முதல்ல அதைச் சரி பண்ணுங்க.

போஸ்டர், நோட்டீஸ் அடிக்கிறவங்களுக்கு கேன்வா, தொண்டு அமைப்புகளுக்கு 50 பேர் வரைக்கும் இலவசம். மைக்ரோசாஃப்ட்டும் தருது, ஆனா அதுல ஒரு பாடம் இருக்கு. பத்து பேருக்கு பிசினஸ் பிரீமியம்னு ஒரு நல்ல திட்டத்தை ரொம்ப நாளா சும்மா குடுத்துட்டு இருந்தாங்க. 2025 ஜூலையிலேர்ந்து அதை நிறுத்திட்டாங்க. இப்போ சும்மா கிடைக்கிறது பிசினஸ் பேசிக், அதுல வேர்டு, எக்செல் எல்லாம் பிரவுசர்லயும் போன்லயும்தான் ஓடும். கம்பெனி தர்ற இலவசம் கம்பெனி இஷ்டம். அதனால அங்க வெச்சிருக்கிற ஃபைல்களோட நகல் ஒண்ணு உங்க ஆபீஸ்ல ஒரு ஹார்டு டிஸ்க்ல இருக்கணும்.

இந்த மாதிரி ஏற்பாடு எங்கேர்ந்து வந்ததுன்னு தெரிஞ்சுக்கணும்னா 1987-க்குப் போகணும். சான் ஃபிரான்சிஸ்கோவுல டேனியல் பென்-ஹோரின்னு ஒருத்தர் கம்ப்யூமென்டர்னு ஒரு அமைப்பு தொடங்கினாரு. கம்ப்யூட்டர் தெரிஞ்ச தன்னார்வலரைக் கூட்டிட்டுப் போய், தெரியாத தொண்டு அமைப்போட சேர்த்து வைக்கிறதுதான் வேலை. அதுதான் வளர்ந்து, இன்னிக்குத் தொண்டு அமைப்புகளுக்கு மென்பொருளைத் தள்ளுபடியில வாங்கித் தர்ற டெக்சூப். அந்தத் தள்ளுபடி எல்லாம் பின்னாடி வந்தது. முதல்ல இருந்தது ஆளும் ஆளும் சந்திக்கிற ஏற்பாடு.

நம்ம ஊர்லயும் அந்த மாதிரி ஆட்கள் இருக்காங்க. சென்னையில ஐ.எல்.யூ.ஜி.சி.ன்னு லினக்ஸ் பயனர் குழு இருக்கு. தமிழ்நாடு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இருக்கு. தமிழ்ல எழுதுற, தமிழுக்கு மென்பொருள் செய்ற கணியம் அறக்கட்டளை இருக்கு. விழுப்புரத்துல வி.ஜி.எல்.யூ.ஜி.ன்னு ஒரு குழு, கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமா கம்ப்யூட்டர் பயிற்சி குடுக்குது. சென்னையை விட்டா ஆள் இல்லன்னு யாராவது சொன்னா விழுப்புரத்தைக் காட்டுங்க. இவங்க யாரும் உங்க பிரிண்டரை ரிப்பேர் பாக்க வர மாட்டாங்க. ஆனா உங்க ஒரு பக்கத்தை எடுத்துட்டு அவங்க கூட்டத்துக்குப் போய், அஞ்சு நிமிஷம் பேச அனுமதி கேளுங்க. எந்தக் கருவி பொருந்தும், எது வீண் செலவுன்னு விற்பனை நோக்கம் இல்லாம ஒரு பதில் கிடைக்கும். அது வெளியில காசு குடுத்தாலும் சுலபமா கிடைக்காது.

அடுத்தது பக்கத்து காலேஜ். எல்லா ஊருக்கும் பக்கத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ், இல்லன்னா கலைக் கல்லூரி இருக்கு. அங்க ரெண்டு கதவு உண்டு. ஒண்ணு, 1969-லேர்ந்து நடக்குற நாட்டு நலப்பணித் திட்டம், என்.எஸ்.எஸ். அதுல சேர்ந்த பிள்ளைகள் ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் சேவை செய்யணும். மரம் நடுறதும் ரோடு கூட்டுறதும் மட்டும் சேவை இல்ல. உங்க பழைய ரசீதுகளை எக்செல்ல ஏத்துறதும் சேவைதான். திட்ட அலுவலரைப் பாத்து, எழுத்துல கேளுங்க.

இன்னொரு கதவு, கடைசி வருஷ புராஜெக்ட். இதுல நான் கொஞ்சம் தயங்குவேன். மாணவருக்கு வேண்டியது மார்க். புராஜெக்ட் வைவா முடிஞ்ச மறுநாள் அவரு கம்பெனியில சேரப் போயிடுவாரு. அந்த மென்பொருள் அவரு லேப்டாப்லயே தூங்கும். அதையும் மீறிப் பண்ணணும்னா, மாணவரை விட்டுட்டு அந்தத் துறைப் பேராசிரியரைப் பிடிங்க. அவரு அடுத்த வருஷமும் அங்கதான் இருப்பாரு. "இந்த வருஷப் பிள்ளைகள் செஞ்சதை அடுத்த வருஷப் பிள்ளைகள் தொடரணும் சார்"னு முதல் நாளே பேசிடுங்க.

இப்போ பழைய லேப்டாப் விவகாரம். எல்லாரும் ஆசைப்படுறது, எல்லாரும் ஏமாறுறது. கம்பெனிகள் மூணு நாலு வருஷம் ஆன லேப்டாப்பைக் கழிச்சு விடும்போது நமக்குக் குடுக்குறது உண்டு. முதல் விஷயம், கம்பெனி சட்டம் 135-வது பிரிவுப்படி பெரிய கம்பெனிகள் லாபத்துல 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்கு, அதாவது சி.எஸ்.ஆர்.க்குச் செலவு பண்ணணும் இல்லையா? பொருளாக் குடுத்துட்டு அதுக்கு ஒரு விலை போட்டு அந்தக் கணக்குல காட்ட முடியாது. பணமாச் செலவு பண்ணினாத்தான் கணக்கு. அதனால சி.எஸ்.ஆர். அதிகாரிக்கு உங்க பழைய லேப்டாப் கோரிக்கையில பெரிய ஆர்வம் இருக்காது. அட்மின் பிரிவையோ, ஐ.டி. பிரிவுல சாமான்களைப் பாத்துக்கிறவரையோ கேளுங்க. அந்த ரூம்லதான் லேப்டாப் அடுக்கியிருக்கும்.

ரெண்டாவது, வந்ததும் திறந்து பாருங்க. தகவல் பாதுகாப்புக்காகப் பல கம்பெனிகள் ஹார்டு டிஸ்க்கைக் கழட்டிட்டுத்தான் தரும். சார்ஜர் பாதி இருக்காது. பேட்டரி அரை மணி நேரம் தாங்காது. ஒவ்வொண்ணுக்கும் எஸ்.எஸ்.டி. ஒண்ணு, சார்ஜர் ஒண்ணு வாங்கணும்னா மொத்தம் எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டுட்டு அப்புறம் சரி சொல்லுங்க. மூணாவதுதான் முக்கியம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துட்டு இருந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11 ஏத்தணும்னா, இன்டெல்ல எட்டாம் தலைமுறை பிராசசர் இல்லன்னா அதுக்கு மேல, அப்புறம் டி.பி.எம். 2.0 சிப் வேணும். அதனால "ஐ5 லேப்டாப் தர்றோம்"னு யாராவது சொன்னா, "எந்தத் தலைமுறை சார்?"னு கேளுங்க. நாலாம், அஞ்சாம் தலைமுறைன்னா அதுல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போடலாம். பிள்ளைகள் படிக்க, டைப் அடிக்க, வீடியோ பாக்க அது தாராளம். ஆனா கணக்கர் டேலி ஓட்டுற மெஷின் அதுவா இருக்கக் கூடாது.

நன்றியோட மறுக்கவும் கத்துக்கணும். வேலை செய்யாத பத்து கம்ப்யூட்டரை வாங்கி அடுக்கி வெச்சா, மின்னணுக் குப்பையை ஒழுங்கா அப்புறப்படுத்துற பொறுப்பும் உங்க தலையில விழும்.

வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஆட்கள் விஷயத்துல இன்னும் கவனம். சிங்கப்பூர்லயோ அமெரிக்காவுலயோ இருக்கிற உறவுக்காரர், "நான் அஞ்சு லேப்டாப் அனுப்புறேன் மாமா"ன்னு சொல்லுவாரு. அவர் இந்தியக் குடியுரிமையை விட்டுட்டு அந்த ஊர்க் குடியுரிமை வாங்கியிருந்தா, அவரு பிறந்தது திருநெல்வேலியாவே இருந்தாலும், சட்டத்தோட கண்ணுல அவரு வெளிநாட்டவர். பணம் மட்டும் இல்ல, பொருளும் வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.படி பதிவோ முன் அனுமதியோ இல்லாம அறக்கட்டளை அதை வாங்கக் கூடாது. ஆடிட்டர்கிட்ட கேட்காம "அனுப்புப்பா"ன்னு சொல்லிடாதீங்க.

சி.எஸ்.ஆர். பணமே கிடைக்குமான்னா, கிடைக்கலாம். ஆனா 2021 ஏப்ரல் 1-லேர்ந்து, அந்தப் பணத்துல வேலை எடுத்துச் செய்ற அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவத்துல பதிவு பண்ணியிருக்கணும். அதோட "எங்களுக்குக் கம்ப்யூட்டர் வேணும்"னு கேட்டா எந்தக் கம்பெனியும் அசையாது. "இத்தனை பிள்ளைகள் படிக்கிறாங்க, அதுக்கு இது தேவை"ன்னு படிப்புச் செலவோட ஒரு பகுதியா வெச்சுக் கேளுங்க.

நம்ம மொழிக்கே உண்டான ஒரு தலைவலியையும் சொல்லணும். பதினஞ்சு இருபது வருஷமா நடக்குற அமைப்புல பழைய தீர்மானம், ஆண்டறிக்கை, உறுப்பினர் பட்டியல் எல்லாம் வானவில் எழுத்துருவுலயோ பாமினியிலயோ அடிச்சிருப்பாங்க. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கமாவுமா ஒரு குப்பை தெரியும். புதுசா வந்த தன்னார்வலர் ஃபைல் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு அழிச்சிடலாம். கெட்டுப் போகல. அதை யூனிகோடுக்கு மாத்த என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி இலவசக் கருவிகள் இருக்கு. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏத்துக்கிட்டாச்சு. நீங்களும் இனிமே அதுலயே அடிங்க. ஆண்டறிக்கையை டி.டி.பி. கடையில குடுத்தா பி.டி.எஃப். மட்டும் வாங்கிட்டு வராதீங்க, யூனிகோடுல வேர்டு ஃபைலும் கேளுங்க.

இனி, வந்தவங்க போகும்போது என்ன மிஞ்சுதுங்கிறது. டொமைனை அமைப்பு பேர்லயே, அமைப்போட மெயில் ஐடியிலயே வாங்குங்க. அந்த ஐடியோட ஓ.டி.பி. எந்த போனுக்கு வருது? தன்னார்வலரோட சொந்த நம்பருக்கு வந்தா, பாஸ்வேர்டு உங்ககிட்ட இருந்தும் பிரயோஜனம் இல்ல. அமைப்புக்குன்னு ஒரு சிம் வாங்குங்க, அது அலுவலகத்துலயே இருக்கட்டும். வெப்சைட், பேங்க், யூடியூப், வருமான வரித் தளம், எல்லாத்தோட லாகின் விவரத்தையும் ஒரு நோட்டுல எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, பீரோவுல வைங்க. பாதுகாப்பு நிபுணர்கள் பேப்பர்ல எழுதாதேன்னு சொல்லுவாங்க. ஆனா சின்ன அமைப்பு மாட்டுறது பெரும்பாலும் ஹேக்கர்கிட்ட இல்ல, பாஸ்வேர்டு தெரிஞ்ச ஒரே ஆள் ஊர்ல இல்லாததாலதான். அதனால பீரோ பக்கம்தான் நான்.

பிள்ளைகள் போட்டோ, ஆதார் நகல், நோயாளி விவரம், இதையெல்லாம் தன்னார்வலரோட சொந்த லேப்டாப்புக்கு அனுப்பாதீங்க. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல வந்தது, விதிகள் 2025 நவம்பர்ல வந்தது. 18 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைகளோட தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேணும்னு அந்தச் சட்டம் சொல்லுது. செய்து காட்டவோ சோதிக்கவோ தகவல் வேணும்னு கேட்டா, கற்பனைப் பேர் போட்ட பட்டியலைக் குடுங்க.

காசு விஷயம். எல்லாமே சும்மா கிடைக்கணும்னு நினைக்காதீங்க. வருஷத்துக்கு ஒரு தடவை யோசனை சொல்ல தன்னார்வலர் வரலாம். ஆனா மாசா மாசம் பேக்கப் எடுக்க, வைரஸ் பாக்க, பிரிண்டர் மாட்டினா ஓடி வர, உங்க ஊர் சர்வீஸ்காரர் ஒருத்தருக்கு மாசத்துக்கு இவ்வளவுன்னு பேசி ஒப்பந்தம் போட்டுடுங்க. காசு வாங்குறவரைக் கேள்வி கேக்கலாம். சேவைக்கு வர்றவரை எத்தனை தடவை கூப்பிட முடியும்?

கடைசியா, இதைப் பாக்குற ஐ.டி. நண்பர்களுக்கு. உங்க தெருவுல, உங்க சொந்த ஊர்ல இந்த மாதிரி ஒரு அமைப்பு இருக்கும். போய்ப் புது வெப்சைட் செஞ்சு தர்றேன்னு ஆரம்பிக்காதீங்க. முதல் நாள் பொருளாளர் பக்கத்துல உக்காந்து, அவரு ரசீது எழுதுறதை முழுசாப் பாருங்க. அப்புறம் டொமைன், மெயில், பேக்கப் மூணும் யார் கையில இருக்குன்னு பாத்து அமைப்பு பேருக்கு மாத்திக் குடுங்க. அதை மட்டும் செஞ்சுட்டு வந்தாலே உங்க வேலை முடிஞ்ச மாதிரிதான்.